டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை, எனக்கு எப்படி டென்னிஸ் எல்போ?

கத்தரிக்கை | திருப்பூர் | திங்கள், இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது 44. இருபது வருடமாக இதே வேலை. இரண்டு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. விழவில்லை, அடிபடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போது லேசாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, இப்போது காலையில் எழுந்தால் முழங்கை விறைத்துக்கொண்டு நீட்ட வரமாட்டேன் என்கிறது. பத்து நிமிடம் போன பிறகுதான் வழிக்கு வருகிறது.

நேற்று ஒரு ஒரம்பரை வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா பாசமாகக் கையைப் பிடித்துக் குலுக்கினார். உயிர் போய்விட்டது. சிரித்துக்கொண்டே நின்றேன். பந்தியில் தண்ணீர் ஜக்கைத் தூக்கினேன், பாதியில் பிடி விட்டுவிட்டது. பக்கத்து இலைக்காரர் மேல் தண்ணீர். தமாஷாகப் போயிற்று, ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. கைதானே நம்ம சோறு.

கம்பெனிக்குப் பக்கத்துக் கிளினிக்கில் காட்டினேன். எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருக்கிறது, இது டென்னிஸ் எல்போ, ஒரு ஊசி போட்டால் ஒரே வாரத்தில் சரி என்றார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இங்கே இந்த வலி பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். இது அதுதானா? ஊசி போடலாமா?


சும்மா எட்டிப் பார்த்தேன் | ஈரோடு | திங்கள், இரவு 10.05

சச்சினுக்கு 2004-இல் வந்த வியாதி. அதைச் சொல்லிக் கம்பெனியில் சம்பளம் கூட்டிக் கேளுங்கள் அண்ணா.


லேத்துப் பட்டறை | கோவை, கணபதி | திங்கள், இரவு 10.20

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் ஒன்று கேட்கிறேன். வலிக்கிற இடத்தை ஒற்றை விரல் வைத்துக் காட்ட முடியுமா, இல்லை "இங்கெல்லாம்" என்று உள்ளங்கையால் தடவிக் காட்டுகிறீர்களா? கழுத்தைத் திருப்பினால் கைக்கு ஏதாவது இறங்குகிறதா? விரல் மரத்துப் போகிறதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் டென்னிஸ் எல்போ என்றுதான் முதலில் சொன்னார்கள். ஏழு மாதம் முழங்கைக்குத் தைலம் தேய்த்தேன். கடைசியில் பார்த்தால் கோளாறு கழுத்தில். லேத்தில் குனிந்தே நிற்கிற கழுத்து. பொடனியைப் பின்னால் சாய்த்தால் கரண்ட் அடித்த மாதிரி கட்டை விரல் வரைக்கும் ஓடும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்திருக்கும். முழங்கைக்குத் தேய்த்த தைலத்தைக் கழுத்துக்காவது தேய்த்திருக்கலாம்.


கத்தரிக்கை | திருப்பூர் | திங்கள், இரவு 10.41

ஒற்றை விரல்தான் அண்ணா. முழங்கையின் வெளிப்பக்கம் எலும்பு மேடாக ஒன்று இருக்கிறதல்லவா, அதன் மேலேயும், அதற்கு அரை அங்குலம் கீழேயும். அங்கே அமுக்கினால் சுருக்கென்று ஏறுகிறது. வேலை அதிகமான நாளில் அங்கிருந்து முன்கையின் மேல்பக்கமாக மணிக்கட்டை நோக்கி இழுக்கிறது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மரப்பும் இல்லை.

வீக்கம், சிவப்பு எதுவுமே கிடையாது. அதனால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. "நல்லாத்தான இருக்குது கை" என்று என் சம்சாரம் நேற்றுக்கூட ஈரத் துப்பட்டியை முறுக்கிப் பிழியக் கொடுத்தாள். ஒரே முறுக்கில் கீழே போட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் நம்பினாள்.


இயன்முறை | கோவை | செவ்வாய், காலை 6.30

பிசியோதெரபிஸ்ட். பதினாறு வருடமாகக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேரில் தொட்டுப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பரீட்சைத் தாளில் எழுதினால் முழு மதிப்பெண் கொடுப்பார்கள். கை குலுக்கல், ஜக்கு, ஈரத்துணி, காலை விறைப்பு, ஒற்றை விரல் இடம். கதவுக் குமிழைத் திருகுவதும் பாட்டில் மூடி திறப்பதும் இனிமேல் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். வீக்கம் தெரியாமல் இருப்பதும் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதும் இதில் வழக்கம்தான். முழங்கை முழுசாக மடங்கும், நீளும். பிடிக்கும்போதுதான் காட்டிக் கொடுக்கும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகுப் பக்கத்தை, முழங்கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி பிடித்துத் தூக்குங்கள். அப்புறம் அதே நாற்காலியை உள்ளங்கை மேலே பார்க்கும்படி அடியில் கைகொடுத்து, முழங்கையை மடக்கித் தூக்குங்கள். முதலில் வலித்து இரண்டாவதில் வலிக்காவிட்டால் அதுவே பாதிப் பதில். மேஜை மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்து, நடுவிரலை மட்டும் உயர்த்தி, இன்னொரு கையால் அதை அமுக்குங்கள். முழங்கையில் வலி எழுந்தால் மீதிப் பாதி.

பெயரைப் பற்றி. 1873-இல் ரூங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதை முதலில் விவரித்தபோது எழுதுகிறவர்களுக்கு வரும் வலியாகத்தான் எழுதினார். பத்து வருடம் கழித்து இங்கிலாந்தில் புல்வெளி டென்னிஸ் மோகம் பிடித்த காலத்தில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. என்னிடம் வருகிறவர்களில் மட்டை பிடித்தவர்கள் அபூர்வம். வெல்டர், பெயிண்டர், தையல்காரர், பரோட்டா மாஸ்டர், சமையல்காரம்மா, நாள் முழுக்க மவுஸ் பிடிக்கும் ஐடி பையன். வயது பெரும்பாலும் 35-க்கு மேல் 55-க்குள். ஆண், பெண் பேதம் கிடையாது. புகை பிடிப்பவர்களுக்குச் சீக்கிரம் ஆறாது.


பவானி தறி | பவானி | செவ்வாய், காலை 8.15

ஒரு சந்தேகம் சார். கையை மடக்கிப் பிடிக்கும்போது முன்கையின் உள்பக்கத் தசைதானே வேலை செய்யும்? வெளிப்பக்கம் இருப்பது மணிக்கட்டை மேலே தூக்குகிற தசை என்று படித்திருக்கிறேன். பிடித்தால் அது ஏன் வலிக்க வேண்டும்? ஜமுக்காளத் தறியில் எங்கள் அப்பாருக்கும் இதே இடத்தில்தான் வலி இருந்தது. அவரும் பிடிக்கும்போதுதான் முகம் சுளிப்பார்.


இயன்முறை | கோவை | செவ்வாய், மதியம் 1.40

நல்ல கேள்வி. பத்துப் பேரில் ஒருவர்கூட இதைக் கேட்பதில்லை.

இப்போதே செய்து பாருங்கள். மணிக்கட்டை உள்பக்கமாக முழுசாக மடக்கிக்கொள்ளுங்கள், கொக்கு கழுத்து மாதிரி. அப்படியே விரல்களை இறுக்கி முட்டி பிடியுங்கள். முடியாது, பாதிதான் மூடும். இனி மணிக்கட்டைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துப் பிடியுங்கள், பிடி இரும்பு மாதிரி இருக்கும். விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டைத் தாண்டித்தான் போகின்றன. அவை இழுத்தால் மணிக்கட்டும் சேர்ந்து உள்ளே மடங்கப் பார்க்கும். அதை மடங்கவிடாமல் வெளிப்பக்கத் தசைகள் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால்தான் பிடி நிற்கும். ஏற்றத்தில் நிற்கிற லாரிக்குச் சக்கரத்தடியில் கட்டை கொடுக்கிற மாதிரி. ஆக, எதைப் பிடித்தாலும் அந்தத் தசைகளுக்கு வேலை உண்டு. டம்ளர், கத்தரி, பைக் கிளட்ச், அடுத்தவர் கை, எதுவானாலும்.

அந்தத் தசைகள் பலவும் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. அதிகம் அடிபடுவது எக்ஸ்டென்சார் கார்ப்பி ரேடியாலிஸ் பிரெவிஸ் என்ற ஒன்று. தசை எலும்போடு ஒட்டுகிற அந்த வெள்ளை நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. தினமும் நுண்ணிய கிழிசல் விழும், ராத்திரியில் உடம்பு தைத்துவிடும். தைக்கிற வேகத்தைவிடக் கிழிகிற வேகம் கூடினால் நாண் தளர்ந்து போகும். திருப்பூர்க்காரருக்குச் சொல்வதென்றால் நூறு தடவை துவைத்த எலாஸ்டிக். இழைகள் இருக்கும், ஒழுங்கு இருக்காது. முன்பெல்லாம் இது அழற்சி, அதாவது வீங்கிச் சிவக்கிற கோளாறு, என்று நினைத்தார்கள். அறுவையில் எடுத்த நாணை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சிச் செல்கள் அவ்வளவாக இல்லை, சிதைவுதான் இருந்தது. அதனால்தான் வீக்கம் தெரிவதில்லை. மாத்திரை வலியைக் குறைக்கும், நாணைத் தைக்காது.


நாலு மாட்டுக்காரி | காங்கயம் பக்கம் | செவ்வாய், இரவு 8.30

நாலு சிந்து மாடு வச்சிருக்கறேனுங்க. காலையில் சொசைட்டிக்கு ஊற்றி, சாயங்காலம் மறுபடி கறவை. கையில்தான் கறக்கிறேன். நீங்கள் சொல்கிற அந்த வெளிப்பக்க வலி வலது கையில் ஒரு வருடமாக இருக்கிறது. கறக்கும்போது கூடத் தாங்கிக்கொள்கிறேன், கறந்த பிறகு பால் போசியைத் தூக்கி மேலே வைக்கும்போதுதான் பளீர் என்கிறது. இட்லிக்கு ஆட்டிய மாவைக் கிரைண்டரில் இருந்து வழிப்பதும் அப்படித்தான்.

அதுபோக, இடது கையில் சுண்டு விரலும் அதற்கடுத்த விரலும் ராத்திரியில் மரத்துப் போகின்றன. முழங்கையின் உள்பக்கம் இடித்துக்கொண்டால் சுர்ரென்று விரல் வரை போகிறது. இதுவும் டென்னிஸ் எல்போதானா? எங்க அத்தை வாயு என்கிறார்.


இயன்முறை | கோவை | செவ்வாய், இரவு 9.15

அக்கா, வலது கை கதையும் இடது கை கதையும் வேறு வேறு. வலது கை இந்த இழையில் பேசுகிற சங்கதியாக இருக்கலாம். இடது கையில் சுண்டு விரல் மரப்பது டென்னிஸ் எல்போவின் அறிகுறியே அல்ல. முழங்கையின் உள்பக்கம் ஓடுகிற அல்னார் நரம்பு நசுங்கினால் அப்படி வரும். முழங்கையை மடக்கித் தலைக்குக் கீழே வைத்துத் தூங்குகிற பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். நரம்புக் கோளாறைத் தள்ளிப் போடக் கூடாது, விரலுக்கு இடையில் சதை வற்ற ஆரம்பித்தால் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். ஒரு டாக்டரிடம் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

வலது கைக்கு: போசியைக் காதைப் பிடித்து மேலிருந்து தூக்காதீர்கள். அடியில் உள்ளங்கை கொடுத்து, உடம்போடு ஒட்டி, இரண்டு கையால் எடுங்கள்.


தென்னந்தோப்பு | பொள்ளாச்சி | செவ்வாய், இரவு 9.40

எனக்கு உள்பக்கம் வலி. மரப்பு இல்லை. தேங்காய் உரிக்கிறேன், நட்டு வைத்த கடப்பாரையில் குத்தித் திருகுகிற வேலை. இது என்ன எல்போ?


இயன்முறை | கோவை | செவ்வாய், இரவு 9.52

கால்ஃபர்ஸ் எல்போ. கதை அதேதான், பக்கம் மட்டும் மாறும். மணிக்கட்டை உள்ளே மடக்குகிற தசைகள் ஒட்டுகிற இடம் அது. பொள்ளாச்சியில் கால்ஃப் மைதானம் எங்கே என்று கேட்காதீர்கள்.


சும்மா எட்டிப் பார்த்தேன் | ஈரோடு | செவ்வாய், இரவு 10.00

கட்டிங் மாஸ்டருக்கு டென்னிஸ், தேங்காய் உரிக்கிறவருக்குக் கால்ஃப். நமக்குத்தான் ஒன்றும் வர மாட்டேன் என்கிறது.


பரோட்டா கல் | ஈரோடு | புதன், அதிகாலை 1.10

கடை சாத்திவிட்டு இப்போதுதான் படிக்கிறேன். ஊசியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் போட்டிருக்கிறேன். ஒரே ஊசி, ஐந்தாம் நாள் வலி போன இடம் தெரியவில்லை. ஒரு நாளைக்கு எட்டுக் கிலோ மாவு பிசைந்து வீசுகிறவன் நான். பயப்படாமல் போடுங்கள் அண்ணா.


தறிக்குடோன் | சோமனூர் | புதன், காலை 7.05

பரோட்டா தம்பி எப்போது போட்டார் என்று கேளுங்கள். முதல் ஊசிக்கு நானும் இப்படித்தான் ஊரெல்லாம் சொன்னேன். நாலு மாதத்தில் வலி திரும்பி வந்தது, முன்னைவிட ஒரு பிடி கூடுதலாக. இரண்டாவது ஊசி இரண்டு மாதம் தாங்கியது. மூன்றாவது இருபது நாள். ஊசி போட்ட இடத்தில் தோல் மெலிந்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையாகக் கிடக்கிறது, இன்றைக்கும். பார்க்கிறவர்கள் வெண்குஷ்டமா என்று கேட்கிறார்கள். ஊசி போட்டவரை நான் குறை சொல்லவில்லை, ஒன்றோடு நிறுத்தச் சொல்லித்தான் அவர் அனுப்பினார். வெவ்வேறு இடத்தில் போய்ப் போட்டுக்கொண்டது நான்.


இயன்முறை | கோவை | புதன், மதியம் 2.20

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஊசி விஷயத்தில் இரண்டுமே நடக்கும், காலம்தான் வேறு.

நெதர்லாந்தில் 185 நோயாளிகளை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு கூட்டத்துக்கு இந்த வலிக்கு வழக்கமாகப் போடுகிற ஸ்டீராய்டு ஊசி, ஒரு கூட்டத்துக்குப் பிசியோதெரபி, மூன்றாவது கூட்டத்துக்கு எப்படிக் கையைப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக் காத்திருக்கச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் ஊசிக்காரர்களில் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பிசியோதெரபியில் 47, காத்திருந்தவர்களில் 32. இதோடு நிறுத்தினால் எல்லாரும் ஊசிதான் போட வேண்டும். ஆனால் ஒரு வருடம் கழித்து எண்ணியபோது ஊசிக்காரர்கள் 69 சதவீதம், பிசியோதெரபி 91, சும்மா காத்திருந்தவர்கள் 83. சும்மா இருந்தவன் ஊசி போட்டவனை முந்திவிட்டான்.

வலி போனவுடன் "சரியாப் போச்சு" என்று பழைய வேகத்தில் வேலையில் இறங்குவது ஒரு காரணம் என்று என் அனுபவத்தில் தோன்றுகிறது. நாண் இன்னும் ஆறியிருக்காது, எச்சரிக்கை மணியை மட்டும் நாம் கழற்றி வைத்திருப்போம்.

கத்தரிக்கை அண்ணாவுக்கு இன்னொன்று: ஸ்டீராய்டு ஊசி சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். போடுவதானால் உங்கள் சர்க்கரை டாக்டரிடம் சொல்லாமல் போடாதீர்கள்.


பரோட்டா கல் | ஈரோடு | வியாழன், அதிகாலை 12.50

சார் சொல்வது புரிகிறது. ஒரு வருடக் கணக்கு படித்தவர்களுக்கு. எனக்கு அன்றைக்கு ஒரு வாரம் லீவு போட்டிருந்தால் கல்லுக்கு முன்னால் வேறு மாஸ்டர் நின்றிருப்பான். ஊசி போட்டு மூன்று மாதம் ஆகிறது, சோமனூர் அண்ணா. நாலாவது மாதம் வந்தால் இங்கேயே வந்து சொல்கிறேன்.


இயன்முறை | கோவை | வியாழன், காலை 6.40

தம்பி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயம்தான். வலி இல்லாத இந்த மூன்று மாதத்தில் கைக்குப் பயிற்சி கொடுத்திருந்தால் நாலாவது மாதத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை, இப்போது ஆரம்பித்தாலும் தாமதம் இல்லை.

பயிற்சி இதுதான், எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். மேஜை மேல் முன்கையை வையுங்கள், உள்ளங்கை கீழே, மணிக்கட்டு மேஜை விளிம்பைத் தாண்டி வெளியே. இன்னொரு கையை அதன் மேல் வைத்து அமுக்குங்கள். அடியில் இருக்கும் கை அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். முப்பது முதல் நாற்பத்தைந்து விநாடி. விட்டு விட்டு நாலைந்து முறை. ஒன்றிரண்டு வாரத்தில் இது பழகியதும், அதே நிலையில் அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடியுங்கள். மேலே தூக்க இடது கையால் உதவுங்கள். கீழே இறக்குவதை மட்டும் வலது கை தனியாக, மெதுவாக, நாலு விநாடி எடுத்துச் செய்யட்டும். பத்துப் பத்தாக மூன்று சுற்று, ஒரு நாளைக்கு ஒரு தடவை. இறக்குவதில்தான் மருந்து இருக்கிறது, தூக்குவதில் இல்லை. கொஞ்சம் வலிக்கும். பத்துக்கு மூன்று, நாலு அளவுக்கு வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் சரி. அடங்காவிட்டால் பாதியாகக் குறையுங்கள்.

கையைத் தூளியில் போட்டு முழு ஓய்வு கொடுக்கிறவர்களும் உண்டு. வேண்டாம். வேலையே இல்லாத நாண் இன்னும் மெலிந்துதான் போகும்.


வேப்பெண்ணெய் | கோபி | வியாழன், காலை 10.30

எதற்கு இவ்வளவு? எங்கள் பக்கம் ஒருவர் எண்ணெய் போட்டு உருவி, சொடக்கு எடுத்துவிடுவார். சுளுக்கு எல்லாம் அதோடு சரி. மாவுப்பத்து போட்டுக் கட்டி அனுப்புவார். என் மச்சானுக்கு அப்படித்தான் போயிற்று.


நாலு மாட்டுக்காரி | காங்கயம் பக்கம் | வியாழன், மதியம் 12.15

நானும் போனேன் அண்ணா. கட்டை விரலால் வலிக்கிற அந்த முனையிலேயே ஏறி அமுக்கி உருவினார். மூன்று நாள் பால் கறக்க என் மருமகள்தான் உட்கார்ந்தாள். மேலோட்டமாகத் தைலம் தடவி நீவுவது சுகமாகத்தான் இருக்கிறது. அந்த முனையில் வம்பு பண்ணினால்தான் கெடுதல்.


பழைய டெய்லர் | அவிநாசி | வியாழன், இரவு 7.45

எல்லாரும் கையைப் பற்றியே பேசுகிறீர்கள். கட்டிங் மாஸ்டரே, உங்கள் கத்தரியைப் பற்றிச் சொல்லுங்கள். எத்தனை அங்குலம்? கடைசியாகச் சாணை பிடித்தது எப்போது? நடு ஆணி எவ்வளவு இறுக்கம்? விரித்து வைத்த கத்தரியை ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் மற்ற அலகு தானாக இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா?


கத்தரிக்கை | திருப்பூர் | வியாழன், இரவு 10.20

அண்ணா, நீங்கள் கேட்டதும் எடுத்துப் பார்த்தேன். பல்க் எல்லாம் மெஷினில்தான் வெட்டுகிறோம். ஆனால் லேயர் பிரித்துவிடுவது, ஓரம் எடுப்பது, சாம்பிள் பீஸ் எல்லாம் கைக் கத்தரிதான். பன்னிரண்டு அங்குலம். சாணை பிடித்தது போன தீபாவளிக்கு முன்னால். ஆணி தளர்ந்து துணியைக் கடிக்கிறது என்று மூன்று மாதத்துக்கு முன்னால் நானே ஸ்க்ரூ டிரைவர் வைத்து முறுக்கினேன். தொங்கவிட்டுப் பார்த்தேன். அலகு அப்படியே நிற்கிறது, ஒரு இம்மிகூட இறங்கவில்லை.

மூன்று மாதம் என்று இப்போது தட்டச்சு செய்யும்போதுதான் உறைக்கிறது. வலி வந்து இரண்டு மாதம்.


பழைய டெய்லர் | அவிநாசி | வியாழன், இரவு 10.35

அதேதான். மழுங்கின கத்தரி துணியைக் கடிக்கும். கடிக்கிறது என்று ஆணியை முறுக்கினால் ஒவ்வொரு வெட்டுக்கும் அலகை அலகோடு தேய்க்கவே பாதி பலம் போய்விடும். கடித்தது ஆணியால் அல்ல, மழுங்கலால். முதலில் சாணை பிடியுங்கள், அப்புறம் ஆணியைத் தளர்த்துங்கள். கைப்பிடி வளையத்தில் கழிவுப் பனியன் துணியை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், தடிமனாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டி வராது. மேஜை இடுப்புக்கு மேல் இருந்தால் ஒரு பலகை போட்டு ஏறி நில்லுங்கள். முப்பத்தைந்து வருடம் வெட்டினேன். கண்தான் போயிற்று, கை இருக்கிறது.


ஷட்டில் ஞாயிறு | கோவை | வெள்ளி, காலை 9.10

மட்டை பிடிக்கிற ஆள் ஒருவனாவது இந்த இழையில் வேண்டாமா? பேக்ஹேண்டில் மணிக்கட்டைத் தளரவிட்டு அடித்ததுதான் என் கோளாறு என்று கோச் சொன்னார். பிடியின் தடிமனையும் மாற்றினேன். டெய்லர் அண்ணா சொல்கிற பனியன் துணியும் நாங்கள் சுற்றுகிற கிரிப் டேப்பும் ஒன்றுதான் போலிருக்கிறது.


கத்தரிக்கை | திருப்பூர் | இருபத்து மூன்று நாள் கழித்து, ஞாயிறு

ஊசி போடவில்லை. முதல் இரண்டு நாள் சீக்கிரம் சரியாகட்டும் என்று பயிற்சியைக் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் செய்தேன். மூன்றாம் நாள் டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. ஒரு தடவை என்று எழுதியிருப்பதை என் சம்சாரம்தான் படித்துக் காட்டினாள்.

முழங்கைப் பெல்ட் ஒன்று வாங்கினேன். மூட்டு மேலேயே போட்டிருந்தேன். சுகம் தெரியவில்லை. உள்ளூர்ப் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் போனபோது பார்த்துச் சிரித்தார். வலிக்கிற மேட்டுக்கு இரண்டு விரல்கடை கீழே, முன்கைச் சதையின் மேல் கட்ட வேண்டுமாம். நாணுக்குப் போகிற இழுப்பை வழியிலேயே கொஞ்சம் தாங்கிக்கொள்ளும் என்றார். வேலை செய்யும்போது மட்டும் போடுகிறேன், தூங்கும்போது கழற்றிவிடுகிறேன்.

கத்தரிக்குச் சாணை பிடித்தாயிற்று. முதல் வெட்டு வெட்டியபோது துணி இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது, அவ்வளவு லேசு. வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். காலை விறைப்பு பத்து நிமிடத்தில் இருந்து இரண்டு நிமிடத்துக்கு வந்திருக்கிறது.


பூக்கடை | சேலம் | ஞாயிறு, மாலை 5.00

என் கணவருக்கு இடது கையில் வலி, தோளில் இருந்து முழங்கை வரை. இதுவாக இருக்குமா? நடந்தால் அதிகமாகிறது, வேர்க்கிறது.


இயன்முறை | கோவை | ஞாயிறு, மாலை 5.06

அம்மா, இதைப் படித்தவுடன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நடந்தால் கூடி, வேர்வையோடு வருகிற இடது கை வலி இதயத்தில் இருந்து வரலாம். இசிஜி எடுத்துப் பார்த்த பிறகு முழங்கையைப் பேசலாம்.


பூக்கடை | சேலம் | திங்கள், காலை 11.20

அட்மிட் போட்டிருக்கிறார்கள். நன்றி சார்.


பரோட்டா கல் | ஈரோடு | ஒன்பது நாள் கழித்து, அதிகாலை 1.25

நாலாவது மாதம். சோமனூர் அண்ணா ஜெயித்துவிட்டார். நேற்று மாவை வீசும்போது அதே இடத்தில் சுருக். இரண்டாவது ஊசிக்குப் போகவில்லை. வீச்சை இடது கைக்காரத் தம்பியிடம் கொடுத்துவிட்டு நான் கல்லைப் பார்க்கிறேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்ப் பாட்டிலைக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கஸ்டமர்கள் எடுத்துக் குடித்துவிடுகிறார்கள், அதுதான் தொல்லை.


நாலு மாட்டுக்காரி | காங்கயம் பக்கம் | அதே நாள், காலை 9.00

இடது கைக்கு டாக்டரிடம் காட்டினேன். நரம்புதான். ராத்திரியில் கை மடங்காமல் இருக்க முழங்கையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு படுக்கச் சொன்னார். மரப்பு குறைந்திருக்கிறது. ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். வாயு இல்லை என்று அத்தையிடம் சொன்னேன், நம்பவில்லை.


கத்தரிக்கை | திருப்பூர் | நாலாவது மாதம், வெள்ளி இரவு

இன்றைக்கு ஒரு துப்பட்டியை முழுசாக முறுக்கிப் பிழிந்தேன். கடைசி முறுக்கில் மட்டும் லேசாகத் தெரிந்தது. பாட்டில் ஒரு லிட்டருக்கு வந்துவிட்டது. சீசன் நேரத்தில் ராத்திரி ஷிப்ட் சேர்த்துப் பார்த்தால் இரண்டு நாள் வலிக்கிறது, அப்புறம் அடங்குகிறது. பிசியோதெரபிஸ்ட் ஒரு வருடம் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எங்கள் கட்டிங் டேபிளில் இருக்கும் ஆறு கத்தரிக்கும் மாதம் ஒரு தடவை சாணை பிடிக்க முதலாளியிடம் சொல்லி ஏற்பாடு செய்தாயிற்று.


சும்மா எட்டிப் பார்த்தேன் | ஈரோடு | வெள்ளி, இரவு 10.10

அண்ணா, கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். எங்கள் அம்மா டெய்லர். இதே இடத்தைத்தான் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கத்தரியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், அப்படியே நிற்கிறது. ஈரோட்டில் நல்ல சாணைக்காரர் யாரையாவது தெரியுமா?


பழைய டெய்லர் | அவிநாசி | வெள்ளி, இரவு 10.22

ஈரோடு தெரியாது தம்பி. அவிநாசிக்கு வந்தால் புதன் சந்தையில் சைக்கிளில் சக்கரம் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். காலையிலேயே வந்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் கல் சூடாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார்.